புது ஜெட்டுக்குப் பழைய சட்டை: நினைவு வண்ண விமானங்கள், அவற்றின் மாதிரிகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில், பிரிட்டோரியா பக்கம் இருக்கும் லாடியத்தில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும், என் வீட்டு கராஜில் ஏழெட்டுப் பிள்ளைகளும் மூன்று அப்பாக்களும் உட்கார்ந்து பிளாஸ்டிக் விமானம் ஒட்டுகிறோம். இந்த வருஷம் எடுத்துக்கொண்ட தலைப்பு, பழைய காலத்து வண்ணம் பூசிய இந்தக் காலத்துப் போர் விமானங்கள். பிள்ளைகள் ஒட்டுகிறார்கள், பெற்றோர் கேள்வி கேட்கிறார்கள். அதே கேள்விகள் வாராவாரம் திரும்பி வருவதால் எழுதியே வைத்துவிடுகிறேன். என் தொண்டையாவது மிச்சமாகும்.

நினைவு வண்ணம் என்றால் என்ன? புது விமானத்துக்கு எதற்குப் பழைய சட்டை?

இன்றைய போர் விமானங்கள் எந்த நாட்டுடையதாக இருந்தாலும் அநேகமாகச் சாம்பல் நிறம்தான். உயரத்தில் வானத்தோடு கலந்துவிட வேண்டும் என்பதற்காக நாட்டுச் சின்னத்தைக்கூட மங்கலாகவே போடுகிறார்கள். ஆண்டுவிழா வரும்போது மட்டும் ஒரே ஒரு விமானத்தை எடுத்து, அந்தப் படைப்பிரிவு முன்னொரு காலத்தில் ஓட்டிய விமானத்தின் நிறத்தை அதற்குப் பூசுவார்கள். ஒரு கோடைகாலம் முழுக்க விமானக் கண்காட்சிகளில் அது பறக்கும். அப்புறம் பழையபடி சாம்பல்.

நான் பிள்ளைகளுக்கு எப்போதும் முதலில் காட்டுவது 2015-ல் பிரிட்டிஷ் விமானப் படை வண்ணம் பூசிய டைஃபூன் ஜெட்டைத்தான். எண் இசட்கே 349. 1940-ல் ஜெர்மன் விமானங்களை எதிர்த்து நடந்த பிரிட்டன் வான்போரின் 75-ஆம் ஆண்டுக்காக மேலே பழுப்பும் பச்சையும் அடித்து, பக்கவாட்டில் ஜிஎன்-ஏ என்று பெரிதாக எழுதினார்கள். அந்த எழுத்துகள் 249-ஆம் ஸ்குவாட்ரனின், அதாவது படைப்பிரிவின், ஹரிக்கேன் போர் விமானம் ஒன்றுக்கு உரியவை. அதை ஓட்டியவர் ஜேம்ஸ் நிக்கல்சன், அப்போது வயது 23.

1940 ஆகஸ்ட் 16 அன்று சவுத்ஹாம்டன் பக்கம் அவருடைய விமானம் அடிபட்டுத் தீப்பிடித்தது. குதிக்கத் தயாராகும்போது எதிரே ஒரு ஜெர்மன் விமானம், மெஸ்ஸர்ஷ்மிட் 110, தெரிகிறது. மனிதர் திரும்ப உட்கார்ந்து, எரிகிற காக்பிட்டிலிருந்தே அதைச் சுட்டுவிட்டுத்தான் குதித்தார். பாராசூட்டில் இறங்கும்போது, கீழே இருந்த சொந்த நாட்டு ஊர்க்காவல்காரர்களே எதிரி என்று நினைத்து அவரைச் சுட்டுக் காயப்படுத்தினார்கள். அந்தப் போர் முழுவதிலும் பிரிட்டிஷ் போர் விமானப் பிரிவான ஃபைட்டர் கமாண்டில், அந்நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் வாங்கியவர் இவர் ஒருவர்தான்.

கதை அங்கே முடியவில்லை. பின்னால் அவர் பர்மா போர்முனைக்கு வந்து ஒரு மஸ்கிட்டோ விமான ஸ்குவாட்ரனுக்குத் தலைமை தாங்கினார். 1945 மே 2 அன்று ஒரு லிபரேட்டர் குண்டுவீச்சு விமானத்தில் பார்வையாளராகக் கூடப் போனார். அது வங்காள விரிகுடாவில் விழுந்தது, உடல் கிடைக்கவில்லை. ஐரோப்பாவில் போர் முடிய இன்னும் ஒரு வாரம்கூட இல்லை.

இதைச் சொன்னதும் ஒரு பையன், “அங்கிள், ட்ரூரோ கப்பல் வந்த கடலா அது?” என்று கேட்டான். ஆமாம், 1860-ல் நம் கொள்ளுத்தாத்தாக்களை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ முதலில் இறங்கிய கடல் அதுதான். அதற்கப்புறம் அவன் அந்த ஜிஎன்-ஏ எழுத்துகளை ஒட்டிய பொறுமையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

வேறு யாரெல்லாம் இப்படிச் செய்கிறார்கள்?

நிறையப் பேர். அமெரிக்கக் கடற்படை 2011-ல் தன் விமானப் பிரிவின் நூற்றாண்டுக்குப் பல ரக விமானங்களுக்குப் பழைய வண்ணம் பூசியது. இரண்டாம் உலகப் போரின் மிட்வே கடற்சண்டைக்கால நிறத்தில் ஒரு வைக்கிங் ஜெட்கூட அதில் உண்டு. கனடா 2015-ல் ஒரு சிஎஃப்-18 போர் ஜெட்டுக்கு ஹரிக்கேனின் பழுப்பும் பச்சையும் அடித்தது. அடுத்த வருஷமே இன்னொன்றுக்கு, போர்க்காலப் பயிற்சி விமானங்களின் நினைவாக, மாம்பழ மஞ்சள். எனக்கு இரண்டாவதைத்தான் பிடிக்கும். சண்டை போட்டவர்களுக்குச் சிலை எல்லா ஊரிலும் இருக்கிறது, ஓட்டக் கற்றுக்கொடுத்தவர்களை யார் நினைக்கிறார்கள்? அதே காலத்தில் நம் நாட்டிலும் கூட்டுப் பயிற்சித் திட்டம் நடந்தது. வெளிநாட்டுப் பையன்கள் டைகர் மாத்திலும் ஹார்வர்டிலும் இங்கேதான் பறக்கப் பழகினார்கள்.

2016-ல் பிரிட்டன் ஒரு டொர்னேடோ ஜெட்டுக்கு, 1991 வளைகுடாப் போரில் பூசிய அதே பாலைவன இளஞ்சிவப்பைத் திரும்ப அடித்தது. எங்கள் கராஜில் அதற்கு ‘ரோஸ் மில்க்’ என்று பெயர்.

பெயிண்ட் தானே, ஒரு வாரத்தில் அடித்துவிடலாமே?

கோயில் கோபுரத்துக்கு வண்ணம் அடிப்பதே லேசுப்பட்ட வேலை இல்லை. இது பறக்கிற கோபுரம்.

முதல் சிக்கல் எடை. பெயிண்டுக்கு எடை இருக்கிறது என்பதை யாரும் யோசிப்பதில்லை. அமெரிக்க விண்வெளி ஓடத்தின் பெரிய எரிபொருள் தொட்டி முதல் இரண்டு பயணங்களில் வெள்ளையாக இருந்தது. மூன்றாவதிலிருந்து வெள்ளை அடிப்பதையே விட்டுவிட்டார்கள். அதில் மட்டும் சுமார் 270 கிலோ மிச்சம். பிற்காலப் படங்களில் அந்தத் தொட்டி ஆரஞ்சாகத் தெரிவது அதனால்தான்.

இரண்டாவது, மூக்கு. அதற்குள்ளே ரேடார் உட்கார்ந்திருக்கிறது. அதன்மேல் உலோகத்தூள் கலந்த பெயிண்டோ, கனமான பூச்சோ போட்டால் அலை போய்வருவது கெடும். பழைய வண்ணம் வாலிலிருந்து அழகாக ஓடி வந்து மூக்குக்கு முன்னால் சட்டென்று நின்றுவிட்டால், பெயிண்ட் அடித்தவர் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள்.

மூன்றாவது, அசையும் பாகங்கள். வால் சுக்கான், இறக்கையின் பின் மடிப்புகள் எல்லாம் எடை பார்த்துச் சமன் செய்யப்பட்டவை. அங்கே கூடுதலாக இரண்டு கோட் அடித்தால் திரும்பச் சமன் பார்க்க வேண்டும். காற்றழுத்தம் அளக்கும் சின்னத் துளைகளை மூடிவிடக் கூடாது. ‘இங்கே மிதிக்காதே’ போன்ற எச்சரிக்கை எழுத்துகள் புது வண்ணத்துக்கு மேலும் வந்தாக வேண்டும். 1940-ன் பழுப்பு நிறத்தின்மேல் இந்தக் காலத்து வெளியேற்று இருக்கையின் முக்கோண எச்சரிக்கை! அந்த ஒட்டாத தன்மைதான் இந்த விமானங்களின் ருசியே.

கழற்றுவதற்கும் வழி வேண்டும். அந்த 1991 இளஞ்சிவப்பு, காரக் கரைசலில் கழுவினால் போய்விடுகிற தற்காலிகப் பூச்சு. இப்போது பல நாடுகள் பெரிய எழுத்துகளையும் சின்னங்களையும் வினைல் ஒட்டுப்படமாகவே ஒட்டுகின்றன. எஃப்-35 போன்ற ரேடாருக்குத் தெரியாத விமானங்களில் மேற்பூச்சே ஓர் ஆயுதம் என்பதால், முழு உடம்புக்கும் வேறு வண்ணம் பூசுவது அபூர்வம்.

பழைய விமானத்தின் படத்தைப் பார்த்து அப்படியே மாதிரிக்கு அடிக்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைப்பதென்றால் இதை வையுங்கள். நீங்கள் செய்வது ஹரிக்கேன் இல்லை, ஹரிக்கேனின் சட்டையைப் போட்டுக்கொண்ட டைஃபூன். தாத்தாவின் எட்டு முழ வேட்டியில் பேரனுக்குச் சட்டை தைத்தால் கரை எங்கே வந்து நிற்கும் என்பதைத் தையற்காரர்தான் முடிவு செய்வார். இங்கேயும் யாரோ ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார். அவர் செய்ததைத்தான் நாம் செய்ய வேண்டும், ‘திருத்த’க் கூடாது.

மேஜையில் வைத்துப் பார்த்தால் உடனே புரியும். நம் படை முன்பு ஓட்டிய பழைய மஸ்டாங் போர் விமானத்தின் இறக்கை விரிவு 11.28 மீட்டர். நம் விமானப் படையின் கிரிப்பன் ஜெட்டுக்கு 8.4 மீட்டர்தான். நீளத்தில் தலைகீழ்: மஸ்டாங் 9.83 மீட்டர், கிரிப்பன் 14.1. 1/72 அளவில் மஸ்டாங் 15.7 சென்டிமீட்டர் அகலம், 13.7 நீளம். கிரிப்பன் 11.7 அகலம், 19.6 நீளம். ஒன்று கைகளை விரித்து நிற்கிற ஆள், இன்னொன்று அம்பு. முதலாவதின் இறக்கையில் தாராளமாக இருந்த வட்டச் சின்னம் இரண்டாவதில் முக்கோண இறக்கையின் விளிம்பில் இடிக்கும்.

கறுப்பு வெள்ளைப் பட்டைகள் இன்னும் நல்ல உதாரணம். 1943-ல் சிசிலியில் நேச நாட்டுப் படைகள் தங்கள் விமானங்களையே சுட்டுத் தள்ளிவிட்டன. அந்தப் பாடத்தால், 1944 ஜூனில் நார்மண்டியில் இறங்குவதற்குச் சற்று முன்னால், இறக்கையிலும் உடம்பிலும் மூன்று வெள்ளை, இரண்டு கறுப்புப் பட்டைகள் போடச் சொன்னார்கள். ஒற்றை எஞ்சின் விமானத்துக்கு ஒரு பட்டை 18 அங்குலம், இரட்டை எஞ்சினுக்கு 24. நேரம் இல்லாததால் கிடைத்த பிரஷ்ஷால் அடித்தார்கள். உண்மையான 1944 படங்களில் ஓரம் கோணல்மாணலாக இருக்கும்.

18 அங்குலம் என்றால் 1/72-ல் 6.35 மில்லிமீட்டர், 1/48-ல் 9.5. எங்கள் அப்பாக்களில் ஒருவர், கணக்கில் புலி, இந்த அளவில் டேப்பை வெட்டி ஒரு புது ஜெட்டுக்குப் பட்டை போட்டார். கணக்கு சரி, விமானம் தப்பு. ஆண்டுவிழா ஜெட்டில் பட்டை எவ்வளவு அகலம் என்பது அந்த ஜெட்டின் உடம்பைப் பொறுத்தது. ஓரமும் கத்தியால் வெட்டியதுபோல நேராக இருக்கும். படத்தில் ஏதாவது தெரிந்த அளவை, ஒரு சக்கர மூடியையோ கதவையோ வைத்து விகிதம் பார்த்துப் பட்டையை அளக்க வேண்டும். அவர் மறுபடி டேப் வெட்டினார். நானும் டீ போட்டேன், இரண்டு தடவை.

எனவே படம் தேடும்போது அதே எண்ணுள்ள விமானத்தை இடப்பக்கம், வலப்பக்கம், மேலிருந்து, முடிந்தால் கீழிருந்தும் தேடுங்கள். இடமும் வலமும் ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

நம் தென்னாப்பிரிக்க விமானப் படையின் பழைய வண்ணங்கள் என்னென்ன?

1920 பிப்ரவரி 1 அன்று பியர் வான் ரைன்வெல்ட் தலைமையில் தொடங்கிய படை இது. இரண்டாம் உலகப் போரில் நம் விமானங்கள் பிரிட்டிஷ் வண்ணத்தில்தான் பறந்தன. ஆனால் வட்டச் சின்னத்தில் சிவப்புக்குப் பதில் ஆரஞ்சு. கிட்டில் வரும் பிரிட்டிஷ் டெக்காலை, அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னப் படத்தை, நான் அப்படியே ஒட்டி, பெருமையாக அலமாரியில் வைத்தேன். பத்து வயதுப் பெண் வந்து, “அங்கிள், இது நம்மளுது இல்லையே” என்றாள். இப்போது அதன்மேல் மெல்லிய பிரஷ்ஷால் ஆரஞ்சு ஏற்றியிருக்கிறேன். கிட்டப் போய்ப் பார்த்தால் தெரியும், போகாதீர்கள்.

போருக்குப் பின் சின்னத்தின் நடுவில் ஸ்பிரிங்பாக் மான் வந்தது. 1950-களின் பிற்பகுதியில் கேப் டவுன் கோட்டையின் ஐந்து முனை வடிவம் வெளிக்கோடாக வந்து, மான் அதற்குள் தாவியது. 1990-களில் மான் போய்க் கழுகு வந்தது. மிராஜ் விமானங்கள் முதலில் வெறும் அலுமினிய வெள்ளியாக வந்தன. பிறகு ஆலிவ் பச்சையும் மண்ணும் கலந்த உருமறைப்பு. அந்த மண் நிறத்தை நம் கரூ வறண்ட நிலத்திலிருந்து அள்ளி வந்ததுபோல இருக்கும்.

ஒரே படைப்பிரிவின் கதையைத் தொடர வேண்டுமானால் 2-ஆம் ஸ்குவாட்ரனை எடுங்கள். பறக்கும் சிறுத்தைகள் என்று பெயர். கொரியப் போரில் 1950 நவம்பரிலிருந்து மஸ்டாங், 1953-ல் சேபர் ஜெட், பிறகு மிராஜ், சீட்டா ஜெட்கள், இப்போது மகாடோ தளத்தில் கிரிப்பன். கொரியாவில் மட்டும் 74 மஸ்டாங்குகளையும், 22 சேபர்களில் நான்கையும் இழந்தார்கள். 34 விமானிகள் இறந்தார்கள். நாடு வாங்கிய கிரிப்பன் மொத்தமே 26. 2021-22-ல் பராமரிப்பு ஒப்பந்தம் இல்லாமல் அவை தரையில் நின்ற காலமும் உண்டு. ஒவ்வொரு பறக்கும் மணிக்கும் கணக்குப் பார்க்கிற இடத்தில், ஒன்றைத் தனியாக எடுத்து அலங்காரம் செய்ய மனசு வராது.

கோட்டைச் சின்னம் போட்ட விமானத்தை என் பிள்ளை செய்யலாமா?

இந்தக் கேள்வி எங்கள் கராஜுக்குள்ளேயே வந்தது. எங்களோடு வந்து உட்காரும் ஒரு தாத்தாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. சின்ன வயதில் மராபஸ்டாட்டில், மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தவர். இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தில் பெயர்த்து லாடியத்துக்கு அனுப்பப்பட்ட குடும்பம். இங்கே வந்தால் ஸ்வார்ட்கோப், வாட்டர்க்ளூஃப் விமானத் தளங்கள் பக்கம், தலைக்கு மேலே எப்போதும் விமானச் சத்தம். சத்தத்தை வைத்தே இது ஹார்வர்ட், இது இம்பாலா என்று சொல்லுவார். விமானி ஆக வேண்டும் என்று ஆசை. அந்தப் படையில் இந்தியனுக்கு விமானி இருக்கை கிடையாது. அதற்கு முன் இரண்டாம் உலகப் போரில்கூட நம் ஆட்களை இந்திய மலாய்ப் படைப்பிரிவில் ஆயுதம் கொடுக்காமல் ஓட்டுநராகவும் ஸ்ட்ரெச்சர் தூக்கவும்தான் எடுத்தார்கள்.

ஒரு பையன் பச்சையும் மண்ணும் பூசிய மிராஜைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தான். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வேலை சுத்தமா இருக்கு” என்றார். அப்புறம் கோட்டைச் சின்னத்தின்மேல் நகத்தை வைத்து, “இந்தக் கோட்டைக்குள்ள எனக்கு இடமில்ல தம்பி” என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கோபம் இல்லை. அன்று யாரும் அதிகம் பேசவில்லை.

என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன், சண்டைக்கு வராதீர்கள். மிராஜை மிராஜாகச் செய்யலாம். அது அந்தக் காலத்தின் பொருள், அந்தச் சின்னத்தோடுதான் பறந்தது, மறைத்தால் பொய். அடியில் வைக்கும் அட்டையில் எந்த வருஷம், எந்தப் போர் என்று எழுத வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இன்றைய கிரிப்பனுக்கு அந்த இனவெறி ஆட்சிக்கால அங்கோலாப் போரின் உருமறைப்பையும் கோட்டையையும் போட்டால் அது வேறு காரியம். பழைய விமானத்தில் இருந்தால் வரலாறு, புதியதில் பூசினால் மரியாதை. நினைவு வண்ணம் என்பதே மரியாதை செய்வதற்குத்தான். அந்த மரியாதையை என் கராஜில் நான் செய்ய மாட்டேன்.

அப்படியானால் கொரியப் போர் மட்டும் சரியா?

இதைக் கேட்டது அந்தக் கணக்குப் புலி அப்பா. அவருடைய மகள், வட்டச் சின்னத்தில் ஆரஞ்சு இல்லை என்று கண்டுபிடித்த அதே பெண், தானாக யோசித்து ஒரு கிரிப்பனுக்குக் கொரியா மஸ்டாங்கின் வேஷம் போட்டிருந்தாள். வெள்ளி உடம்பு, காக்பிட்டுக்கு முன்னால் கண் கூசாமலிருக்கக் கறுப்புப் பட்டை, ஸ்பிரிங்பாக் சின்னம். இறக்கையில் சின்னம் இடித்ததால் பாதியாகச் சுருக்கியிருந்தாள். அட்டையில் ‘இப்படி ஒன்று பறக்கவில்லை, நான் நினைத்துப் பார்த்தது’ என்று எழுதியிருந்தாள். நான் பாராட்டிக்கொண்டிருக்கும்போதே அவள் அப்பா கேட்டார்: “குழுப் பகுதிச் சட்டம் வந்தது எந்த வருஷம்? ஸ்குவாட்ரன் கொரியாவுக்குப் போனது எந்த வருஷம்?”

இரண்டும் 1950. என்னிடம் சுத்தமான பதில் இல்லை. அந்த 34 பேர் சட்டம் எழுதியவர்கள் இல்லை என்று சொன்னேன். அங்கோலாவுக்குப் போன பையன்களும் எழுதவில்லையே என்றார். தாத்தா நடுவில் புகுந்து, அந்த வெள்ளி நன்றாக வந்திருக்கிறது, என்ன பெயிண்ட் என்று கேட்டார். விமானம் அலமாரியில்தான் இருக்கிறது, அட்டையோடு.

எந்த அளவு, எந்த கிட் வாங்கலாம்?

முதல் தடவை என்றால் 1/72. இடம் குறைவு, விலையும் குறைவு. டைஃபூன், கிரிப்பன் இரண்டும் ரெவெல், இத்தாலேரி கிட்களாக வந்திருக்கின்றன. நினைவு வண்ணத்துக்கான டெக்கால் தனியாக வாங்க வேண்டியிருக்கலாம். முதலில் டெக்கால் கைக்கு வரட்டும், பிறகு கிட்டைத் திறங்கள். ஒரு கடைக்காரர் மூன்று வாரத்தில் வரும் என்றார், எனக்கு ஐந்து மாதம் கழித்து, வேறு விமானத்தின் தாள் வந்தது.

எந்த பெயிண்ட்?

போர்க்கால பிரிட்டிஷ் பழுப்புக்கு ஹம்ப்ரால் 29, பச்சைக்கு ஹம்ப்ரால் 30. அக்ரிலிக்தான் வேண்டுமென்றால் பழுப்புக்கு டாமியா எக்ஸ்எஃப்-52 கிட்டத்தட்ட, பச்சைக்கு எக்ஸ்எஃப்-81. சின்ன அளவில் நிறம் கறுத்துத் தெரியும். ஆகவே பத்துச் சொட்டுக்கு ஒரு சொட்டு வெள்ளை கலந்து பாருங்கள். பழைய விமானங்களில் பளபளப்பே இருக்காது, ஆண்டுவிழா ஜெட்டில் லேசான மினுமினுப்பு இருக்கும். ஆகவே கடைசி வார்னிஷ் முழு மேட் வேண்டாம், சாட்டின் போதும்.

ஏர்பிரஷ்ஷில் அடித்தால் பெயிண்ட் தூளாக வருகிறதே?

பிரிட்டோரியாக்காரர்கள் எல்லோருக்கும் இந்தத் தொல்லை உண்டு. நாம் கடல் மட்டத்துக்கு மேலே 1,300 மீட்டருக்கு மேல் இருக்கிறோம். ஜூன், ஜூலையில் காற்றில் ஈரமே கிடையாது. அக்ரிலிக் பெயிண்ட் ஊசி நுனியிலிருந்து பிளாஸ்டிக்குப் போகிற தூரத்துக்குள் பாதி காய்ந்துவிடும், உப்புத்தாள் மாதிரி ஒரு சொரசொரப்பு வந்துவிடும். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சில சொட்டு, கொஞ்சம் கூடுதல் தின்னர், அழுத்தத்தைக் குறைத்துக் கிட்டப் போய் அடிப்பது – மூன்றும் சேர்ந்தால் சரியாகும். ஊசி நுனியில் கட்டும் பெயிண்டை அவ்வப்போது துடையுங்கள்.

டர்பனில் இருக்கும் என் மச்சானுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. பிப்ரவரிப் புழுக்கத்தில் அவர் பளபளப்பு லாக்கர் அடித்தால் வெள்ளைப் புகை படிந்ததுபோலாகிவிடும். காற்றின் ஈரம் உள்ளே சிக்கிக்கொள்கிறது. ஏசி போட்ட அறையில், காலையில், மெல்லிய கோட்டாக அடிக்கச் சொன்னேன்.

லோட்ஷெடிங் என்று கரன்ட் போகும் நாட்களில் கம்ப்ரஸர் நடுவில் நின்றுபோகும். கோப்பையில் பெயிண்ட் இருக்கும்போது நின்றால் உடனே கொட்டிக் கழுவிவிடுங்கள். “ரெண்டு மணி நேரத்துல கரன்ட் வந்துடும்” என்று விட்டுவைத்த ஒரு ஏர்பிரஷ் இப்போது என் பென் ஸ்டாண்டில் இருக்கிறது.

டெக்காலுக்கு அடியில் வெள்ளி மாதிரி மினுங்குகிறது, ஏன்?

மேட் பெயிண்ட் கிட்டத்தில் பார்த்தால் மேடுபள்ளம். டெக்கால் மேட்டில் மட்டும் உட்கார்ந்து, பள்ளத்தில் காற்று நின்றுவிடுகிறது. டெக்கால் போடும் முன் ஒரு கோட் பளபளப்பு வார்னிஷ் அடித்து, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு. ஒட்டியதும் டெக்காலை இளக்கும் திரவமான மைக்ரோ சால் தடவினால் டெக்கால் சுருங்கிப் பயமுறுத்தும். தொடாதீர்கள், தானே படிந்துவிடும். ஏற்கெனவே மினுங்குகிறதென்றால் ஊசியால் இரண்டு மூன்று குத்துக் குத்தி, மறுபடி மைக்ரோ சால் விடுங்கள்.

அழுக்கு, புகை, துரு எல்லாம் போடலாமா?

ஆண்டுவிழா ஜெட்டுக்கு வேண்டாம். புதுப் பெயிண்டில் ஒரு சீசன் பறக்கிற விமானம் அது. கல்யாண மாப்பிள்ளை சட்டையில் கிரீஸ் பூசுவதுபோல ஆகிவிடும். புகைபோக்கி, சக்கரம், ஆயுதம் மாட்டும் தாங்கிகளில் மட்டும் லேசாக. தாங்கிகளைப் பலசமயம் பழைய சாம்பலிலேயே விட்டுவிடுவார்கள், அதையும் படத்தில் பாருங்கள்.

நேரில் எங்கே பார்க்கலாம்?

லாடியத்திலிருந்து கார் எடுத்தால் ஸ்வார்ட்கோப்பில் விமானப் படை அருங்காட்சியகம். கொரியாவில் பறந்த 325-ன் அடையாளத்தோடு, பேட்ஸி டான் என்று மூக்கில் பெயர் எழுதிய மஸ்டாங் அங்கேதான். மிராஜ்களும் உண்டு. கேமராவோடு ஒரு அளவு டேப்பும் எடுத்துப் போங்கள். கயிறு கட்டியிருந்தால் உள்ளே போகாதீர்கள், கேட்டால் சிலசமயம் அவர்களே அளந்து சொல்கிறார்கள். இறக்கைக்கு அடியில் குனிந்து பார்த்தால் ரிவெட் வரிசையும், பெயிண்ட் எங்கே தடித்து எங்கே மெலிந்திருக்கிறது என்பதும் தெரியும். போன தடவை தாத்தாவும் வந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, மஸ்டாங்கின் மூக்கிலிருந்து வால்வரை ஒரு சுற்று நடந்தார். நுழைவு நேரத்தை முன்னதாகப் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள், வெயிலுக்குத் தொப்பி அவசியம்.